மாலை ஆறு மணிக்கு என் உடம்பில் போட்ட ஊசியில் பாதிகூட மிச்சமில்லை

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஓட்டப் பயிற்சி வீடியோ கிடையாது. இடது முழங்காலுக்குக் கீழே வலி என்று போன இரண்டு வீடியோவிலும் சொன்னேன் இல்லையா? எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இன்று போய் எடுத்துவிட்டு, நேராக வந்து கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்த மெசேஜில் பத்து மணி என்று இருந்தது. ஒன்பதே முக்காலுக்கே போய்விட்டேன். வரவேற்பில் என் பெயரே பட்டியலில் இல்லை என்றார்கள். தேடினார்கள், போன் போட்டார்கள், இன்னொருவரைக் கூப்பிட்டார்கள். ஊசி போடும்போது மணி பன்னிரண்டு. முழுதாக இரண்டு மணி நேரம்!

இரத்தப் பரிசோதனை என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இதில் விட மனம் வரவில்லை. அந்த ஊசியில் இருப்பது டெக்னீசியம் 99எம் என்கிற கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் நேரம், ஆறு மணி நேரம். நாம் உட்கார்ந்து காத்திருக்கும்போதே அது கரைந்துகொண்டிருக்கிறது. போனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: இரண்டு மணி நேரத்தில் இருபது சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு! எனக்குத் தேவையான அளவை மறுபடி அளந்துதான் போட்டார்கள், அதில் குறை இல்லை. ஆனால் வீணானது வீணானதுதானே?

அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் உங்களுக்கும் வயிறு எரியும். அணு உலை என்றதும் எல்லாரும் மின்சாரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தவை மின்சாரமே தராத ஆராய்ச்சி உலைகள். நெதர்லாந்தில் பெட்டன், பெல்ஜியத்தில் பிஆர்2, தென்னாப்பிரிக்காவில் சஃபாரி, ஆஸ்திரேலியாவில் ஓபல். யுரேனியத் தகடுகளை உலைக்குள் சில நாள் வைத்திருப்பார்கள். நூறு யுரேனியம் 235 அணுக்கள் பிளந்தால் ஏறக்குறைய ஆறு மாலிப்டினம் 99 அணுக்கள் கிடைக்கும். இது சிதைந்துதான் டெக்னீசியம் பிறக்கிறது. அதன் அரை ஆயுள் 66 மணி நேரம். அதாவது மணிக்கு ஒரு சதவீதம் அழிந்துகொண்டே இருக்கும். கிடங்கில் அடுக்கி வைக்கிற சரக்கு அல்ல இது. வாராவாரம் புதிதாகச் செய்து, பிரித்தெடுத்து, விமானத்தில் ஏற்றி அனுப்ப வேண்டும்.

அப்புறம் ஜெனரேட்டர். மின்சார ஜெனரேட்டர் இல்லை, மாலிப்டினத்திலிருந்து டெக்னீசியத்தைப் பிரித்தெடுக்கிற கருவி. இன்றைக்கு எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி அதுதான்! கேட்டுப் பார்த்தேன், அந்தத் தொழில்நுட்பர் கண்ணாடிக்கு அப்பால் நின்று காட்டினார். சின்ன வாளி அளவு இருக்கும், உள்ளே முழுக்க ஈயக் கவசம். நடுவில் அலுமினா என்கிற அலுமினிய ஆக்சைடு நிரப்பிய குழாய். மாலிப்டினம் அலுமினாவில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அது சிதைந்து பிறக்கிற டெக்னீசியம் ஒட்டாது. உப்புநீரை விட்டால் டெக்னீசியம் மட்டும் கழுவிக்கொண்டு இறங்கிவிடும். இதற்கு அவர்கள் சொல்கிற வார்த்தையே கறப்பதுதான். கறந்தால் மறுநாள் மறுபடி ஊறியிருக்கும், மாடு மாதிரியே.

டெக்னீசியம் இயற்கையில் தேடினால் மிக நுண்ணிய அளவில் மட்டுமே கிடைக்கிற தனிமம். 1937இல் இத்தாலியின் பலெர்மோவில் செக்ரே, பெரியர் என்ற இரண்டு விஞ்ஞானிகள், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மாலிப்டினத் தகட்டில் கண்டுபிடித்தார்கள். பெயருக்கே ‘செயற்கை’ என்றுதான் பொருள். அது இன்றைக்கு உலகம் முழுக்க வருடத்துக்குக் கோடிக்கணக்கான ஸ்கேன்களில் வேலை செய்கிறது!

இவ்வளவையும் தாங்குவது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய உலைகள், அதிலும் பல அறுபதுகளில் தொடங்கியவை. 2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவர் உலை கசிவால் நின்றது. அது திரும்ப ஓடுவதற்குள் 2010இல் பெட்டனும் பழுதுபார்க்க நின்றது. மருத்துவமனைகள் ஸ்கேன்களைத் தள்ளிவைத்தன. புது உலை கட்டுவதை எதிர்ப்பவர்கள் அந்த மாதங்களை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அடடா, ஊசி போட்டதைச் சொல்லவே இல்லையே. சிரிஞ்சைச் சுற்றிக் கனமான உலோக உறை, வெளியே ஊசி முனை மட்டும்தான் தெரிந்தது. சுருக்கென்று ஒரு குத்து, அவ்வளவுதான். உள்ளே போன டெக்னீசியத்தின் எடை பார்த்தால் ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது. கூடவே எலும்பைத் தேடிப் போகிற ஒரு பாஸ்போனேட் மருந்து. மூன்று மணி நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். எலும்பில் ஒட்டாதது சிறுநீரில் போய்விட வேண்டுமாம்.

மூன்று மணிக்குக் காமா கேமராவுக்குக் கீழே படுத்தேன். அந்தக் கேமரா எதையும் வீசுவதில்லை. என் எலும்பில் ஒட்டிய டெக்னீசியத்திலிருந்து வரும் காமா கதிர்களைத்தான் பிடிக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளிகள் சேர்ந்து விலா எலும்பு வந்தது, இடுப்பு வந்தது. இடது கீழ்க்காலில், கட்டை விரல் வைத்து நான் எப்போதும் அழுத்திக் காட்டுவேனே, அதே இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. எக்ஸ்ரேயில் இல்லாத பொட்டு.

இப்போது மணி சரியாக ஆறு. பன்னிரண்டுக்குப் போட்டதில் பாதி சிதைந்துவிட்டது, சிறுநீரில் போனது வேறு. அறிக்கை நாளை வரும். டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை ஓடப் போவதில்லை.