பேறுபலன்: மன்னிப்புக்குப் பின் எஞ்சி நிற்பது

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

கத்தோலிக்கத் திருஅவையின் போதனைகளுள், வெளியே இருப்பவர்கள் மட்டுமன்றி உள்ளே இருப்பவர்களும் மிகத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். மூத்தோர் பரிபூரணப் பலன் என்றும், இன்றைய மறைக்கல்வி பேறுபலன் என்றும் குறிப்பிடும் அது, பள்ளி வரலாற்றுப் பாடங்களில் பாவமன்னிப்புச் சீட்டு என்ற பெயரோடு, மார்ட்டின் லூத்தரின் எதிர்ப்பைக் கிளப்பிய வணிகமாக மட்டுமே நமக்கு அறிமுகமாகிறது. அந்த வணிகம் நடந்தது உண்மை. அதை மூடிமறைப்பது என் நோக்கமன்று. ஆனால் பேறுபலன் பாவத்தை மன்னிப்பதில்லை. பாவம் ஏற்கெனவே மன்னிக்கப்பட்ட இடத்தில்தான் அதன் வேலையே தொடங்குகிறது.

குற்றம் மன்னிக்கப்பட்டுவிட்ட பாவங்களுக்கு இன்னும் எஞ்சியிருக்கும், காலத்துக்குட்பட்ட தண்டனையைக் கடவுளின் முன்னிலையில் நீக்குவதே பேறுபலன் என்று திருஅவையின் மறைக்கல்வி நூல் 1471ஆம் எண்ணில் வரையறுக்கிறது. மன்னித்த பிறகும் தண்டனையா என்ற கேள்வி இங்கே எழும். அண்டை வீட்டாரைப் பற்றிப் பல ஆண்டுகள் அவதூறு பேசிவந்த ஒருவர், மனம் வருந்தி, ஒப்புரவு அருளடையாளத்தில் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மன்னிப்பில் குறையேதும் இல்லை. கடவுளோடு அவருக்கிருந்த உறவு மீண்டுவிட்டது. ஆயினும் அவர் குலைத்த பெயர் அன்று மாலையே சீராகிவிடுவதில்லை. பிறரைத் தாழ்த்திப் பேசுவதில் அவர் நாக்குக் கண்ட சுவையும் உடனே விட்டுப்போவதில்லை. பாவம் தன் இயல்பினாலேயே விட்டுச்செல்லும் இந்தக் கோணலைத்தான் திருஅவை காலத்துக்குட்பட்ட தண்டனை என்கிறது. கடவுள் வெளியிலிருந்து வஞ்சம் தீர்ப்பதாக அதைக் கருதக் கூடாது என்று அதே நூல் அடுத்த எண்ணில் எச்சரிக்கிறது. அந்தக் கோணல் இம்மையில் தவத்தாலும் இரக்கச் செயல்களாலும் துன்பங்களைப் பொறுமையோடு ஏற்பதாலும் நிமிர வேண்டும்; இல்லையேல் மறுமையில், உத்தரிக்கிற நிலையில், தூய்மை பெற வேண்டும். ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: கெடுத்த பெயரைத் திருத்தும் கடமையிலிருந்தும், களவாடியதைத் திருப்பித் தரும் கடமையிலிருந்தும் எந்தப் பேறுபலனும் எவரையும் விடுவிப்பதில்லை. சக்கேயு இயேசுவைத் தம் வீட்டில் வரவேற்ற அன்றே, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

இதன் வேர் மூன்றாம் நூற்றாண்டில் இருக்கிறது. பேரரசர் தேசியுசின் காலத்தில், 250ஆம் ஆண்டையொட்டி, உயிருக்கு அஞ்சி உரோமைத் தெய்வங்களுக்குப் பலியிட்ட கிறிஸ்தவர்கள் பலர் பின்னர் மனம் வருந்தித் திரும்பி வந்தனர். அவர்களுக்கு நெடுங்காலப் பொதுத் தவம் விதிக்கப்பட்டது. அப்போது, நம்பிக்கைக்காகச் சிறையில் துன்புற்றோர் இவர்களுக்காகப் பரிந்து ஆயர்களுக்கு மடல்கள் எழுதி, தாங்கள் பட்ட துன்பத்தின் பெயரால் இவர்களுடைய தவக்காலத்தைக் குறைக்குமாறு வேண்டினர். புனிதர்களுடைய சமூக உறவை நம்புகிறேன் என்று நம்பிக்கை அறிக்கையில் நாம் சொல்வதன் பொருள் இந்த மடல்களில் கண்கூடாகத் தெரிகிறது. முறைகேடும் உடனே நுழைந்தது. ‘இன்னாரும் அவரைச் சார்ந்தோரும்’ என்று ஆள் யார், எத்தனை பேர் என்றே குறிப்பிடாத மடல்கள் வந்ததைக் கார்த்தேஜ் நகர ஆயர் புனித சிப்பிரியான் கண்டித்தார்.

பழைய செபப் புத்தகங்களில் ஒரு செபத்தின் அடியில் முந்நூறு நாள் பலன் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, உத்தரிக்கிற ஸ்தலத்தில் முந்நூறு நாள் குறையும் என்று எண்ணியவர்கள் ஏராளம். பழங்காலத்தில் முந்நூறு நாள் பொதுத் தவம் செய்தால் எவ்வளவு தண்டனை நீங்குமோ அவ்வளவு என்பதே அதன் பொருள். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான், 1967 சனவரி 1 அன்று வெளியிட்ட சட்ட ஆவணத்தின் வழியாகத் திருத்தந்தை ஆறாம் பவுல் நாள்கணக்கையும் ஆண்டுக்கணக்கையும் அடியோடு நீக்கி, எஞ்சிய தண்டனை முழுவதையும் நீக்கும் நிறைபலன், ஒரு பகுதியை நீக்கும் குறைபலன் என்ற இரண்டை மட்டும் வைத்தார்.

மீண்டும் வரலாற்றுக்கு வருவோம். 1095இல் பிரான்சில் ஆயர்கள் கூடிய கிளேர்மோன்ட் சங்கம், பெருமையையோ பணத்தையோ நாடாமல் சிலுவைப் போருக்கென எருசலேமுக்குப் புறப்படுவோருக்கு அந்தப் பயணமே முழுத் தவமாகக் கொள்ளப்படும் என்றது. 1300இல் திருத்தந்தை எட்டாம் போனிப்பாசு யூபிலி எனும் முதல் புனித ஆண்டை அறிவித்தார். 1476இல் திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸ் பேறுபலனை இறந்தோருக்காக ஒப்புக்கொடுக்கலாம் என்றபோது, கடவுளிடம் வேண்டுதல் என்ற முறையில் மட்டுமே என்ற வரம்பையும் உடன் வைத்தார்.

அந்த வரம்பைத்தான் பின்னர் காற்றில் பறக்கவிட்டார்கள். பிராண்டன்பர்க் அரசக் குடும்பத்தைச் சேர்ந்த ஆல்பிரெக்ட், மாக்டபர்க் பேராயராக இருந்துகொண்டே 1514இல் மைன்ஸ் பேராயர் பதவியையும் பெற்றார். அதற்காக உரோமைக்குச் செலுத்த வேண்டிய பெருந்தொகையை ஆக்ஸ்பர்க் நகரின் ஃபுக்கர் வங்கிக் குடும்பத்திடம் கடனாக வாங்கினார். புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்கென அறிவிக்கப்பட்ட பேறுபலன், அவருடைய ஆட்சிப்பகுதியில் போதிக்கப்பட்டு, வசூலில் பாதி உரோமைக்கும் பாதி அந்தக் கடனை அடைக்கவும் போனது. காணிக்கை கொடுத்த ஏழைகளுக்கு இந்த ஏற்பாடு தெரியாது. தோமினிக்கன் துறவி யோகான் டெட்சல் போதித்த இடங்களுக்கு, லூத்தர் வாழ்ந்த விட்டன்பர்க் நகர மக்கள் எல்லை தாண்டிப் போய்வந்ததைக் கண்டே லூத்தர் 1517 அக்டோபர் 31 அன்று தம் 95 கருத்துரைகளைப் பேராயர் ஆல்பிரெக்டுக்கு அனுப்பினார். காசு பெட்டியில் விழுந்து ஒலித்ததும் ஆன்மா விடுதலை பெறும் என்பது வெறும் மனிதப் போதனை என்கிறது 27ஆவது கருத்துரை. ஏழைக்குக் கொடுப்பது பேறுபலன் வாங்குவதைவிட மேல் என்கிறது 43ஆவது. இந்த இரண்டையும் இன்று எந்தக் கத்தோலிக்கக் குருவும் பீடத்தில் நின்று சொல்லலாம். திருத்தந்தையின் பேறுபலன்களில் உள்ள உண்மைக்கு எதிராகப் பேசுவோர் சபிக்கப்படுக என்று 71ஆவது கருத்துரையில் எழுதியவரும் அதே லூத்தர்தான். அந்த நேரத்தில் அவர் எதிர்த்தது முறைகேட்டை. ஆல்பிரெக்டும் உரோமையும் அதற்குச் செவிகொடுத்திருந்தால் மேற்குலகக் கிறிஸ்தவம் பிளவுபடாமல் இருந்திருக்குமோ என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

திருத்தம் வந்தது, ஆனால் காலம் கடந்து வந்தது. திரிதெந்து பொதுச்சங்கம் 1562இல் காணிக்கை வசூலிப்போர் என்ற பதவியையே ஒழித்தது. 1563 டிசம்பரில், பேறுபலனைக் கொண்டு ஈட்டும் இழிந்த ஆதாயங்கள் அனைத்தையும் ஒழிக்க ஆணையிட்டது.

இன்று நிறைபலன் பெற விரும்புபவர், குறிக்கப்பட்ட நற்செயலைச் செய்வதோடு, ஒப்புரவு அருளடையாளம் பெற்று, நற்கருணை உட்கொண்டு, திருத்தந்தையின் கருத்துகளுக்காகச் செபிக்க வேண்டும். இவை மூன்றும் நம்மால் இயல்பவை. நான்காவது நிபந்தனை கடினமானது: அற்ப பாவம் உட்பட எந்தப் பாவத்தின்மீதும் மனத்தில் பற்று இருக்கக் கூடாது. அந்தப் பற்று இருந்தால் கிடைப்பது குறைபலனே. பணம் கொடுத்துப் பெறலாம் என்ற எண்ணத்துக்கு இந்த ஒரு நிபந்தனையே போதுமான மறுமொழி.

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று, மனத்துக்குள்ளேயேனும் இறந்தோருக்காகச் செபிப்பவர் பெறும் நிறைபலனை இறந்தோருக்காக மட்டுமே ஒப்புக்கொடுக்க முடியும். உயிரோடிருக்கும் இன்னொருவருக்காக எந்தப் பேறுபலனையும் பெற்றுத்தர இயலாது. அவர் தாமே மனம் திரும்பியாக வேண்டும். 2020 மார்ச் 19 தேதியிட்ட ஆணையில், பேறுபலன்களுக்குப் பொறுப்பான உரோமையின் மனசாட்சி நீதிமன்றம் கொரோனா நோயாளர்களுக்கும், அவர்களைப் பேணிய மருத்துவப் பணியாளர்களுக்கும் குடும்பத்தாருக்கும் நிறைபலன் வழங்கியது. குருவை அழைக்க வழியின்றி இறந்துகொண்டிருந்தவர்கள், வாழ்நாளில் சில செபங்களையேனும் சொல்லிவந்தவர்களாக இருந்தால், வழக்கமான மூன்று நிபந்தனைகளுக்கு ஈடாகத் திருஅவையே நிற்கும் என்றும் அந்த ஆணை உறுதியளித்தது.

நன்றி, வணக்கம்.