65 வயதில் குறையும் படைவீரர் ஓய்வூதியம்

வணக்கம் நேயர்களே. கனடியப் படைகளில் பணியாற்றி இளைப்பாறியவர்களுக்கு 65 வயது நிறைந்ததும் மாத ஓய்வூதியம் ஏன் குறைகிறது என்று விளக்கும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். வருமான வரிப் படிவங்களோடு நெடுங்காலம் பழகிய எனக்கு, இதைப் பொதுவில் சொல்ல வேண்டும் என்பது பழைய ஆசை. கூட்டரசுப் பணியாளர்களுக்கும் ஆர்.சி.எம்.பி. காவலர்களுக்கும் ஏறக்குறைய இதே முறைதான் என்பதால், படையில் எவரும் இல்லாத வீட்டினரும் சற்றுக் காது கொடுக்கலாம்.

1966 ஜனவரி முதலாம் திகதி, வேலை செய்வோருக்கான பொது ஓய்வூதியமான, சி.பி.பி. எனப்படும் கனடா ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை படைவீரரின் ஓய்வூதியம் தனித்து நின்றது. இரண்டு திட்டங்களுக்கும் முழுச் சந்தா கட்டினால் சம்பளத்தில் பெரும் பகுதி அதிலேயே போய்விடும் என்பதால், அரசாங்கம் இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்தது. சி.பி.பி.க்கு உட்பட்ட சம்பள எல்லைவரை படைத் திட்டத்துக்குக் குறைந்த சந்தா, அதற்கு மேற்பட்ட பகுதிக்குக் கூடிய சந்தா என்று வகுத்தார்கள். குறைந்த சந்தா கட்டிய பகுதிக்கு 65 வயதின் பின் குறைந்த ஓய்வூதியம். அதுவரை அந்த வித்தியாசத்தையும் சேர்த்தே தருவார்கள். இந்த இடைக்காலத் தொகையைத்தான் 'பிரிட்ஜ்' என்கிறார்கள். நன்றாகக் கவனியுங்கள்: 65 வயதில் நிற்பது இந்த பிரிட்ஜ் தொகை மட்டுமே, வாழ்நாள் ஓய்வூதியம் தொடர்ந்து வரும்.

கணக்கைக் காதாலேயே கேட்டு விளங்கிக்கொள்ளலாம். ஒருவர் 25 ஆண்டுகள் பணியாற்றினார், அவருடைய மிகச் சிறந்த ஐந்து ஆண்டுகளின் சராசரிச் சம்பளம் 70,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2 வீதமாக 25 ஆண்டுகளுக்கு 50 வீதம், அதாவது ஆண்டுக்கு 35,000 டொலர். சி.பி.பி. சம்பள எல்லையின் ஐந்தாண்டுச் சராசரி 60,000 டொலர் என்று கொண்டால், அதில் பணியாண்டு ஒன்றுக்கு 0.625 வீதமாக 65 வயதில் குறைப்பார்கள். 25 ஆண்டுகளுக்கு அது 9,375 டொலர், மாதத்துக்கு ஏறக்குறைய 780 டொலர். பணவீக்கத்துக்கு ஏற்ற உயர்வு வாழ்நாள் ஓய்வூதியம், பிரிட்ஜ் இரண்டிலும் சேரும் என்பதால், உண்மையில் குறையும் டொலர் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இந்த 0.625 எங்கிருந்து வந்தது? சி.பி.பி. அடிப்படையில் சராசரி வருமானத்தின் கால் பங்கைத் தருவதற்கு வகுக்கப்பட்டது. அந்த 25 வீதத்தை 40 ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டொன்றுக்கு 0.625 வீதம் வரும். முன்பு இது 0.7 வீதமாக இருந்தது. 2008 முதல் படிப்படியாகக் குறைத்து 2012இல் இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். பழைய வீதம் கூடுதலானது என்பதை அரசாங்கமே ஏற்றுக்கொண்ட செயலாக இதை நான் பார்க்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு முன்னாள் சார்ஜன்ட் நாற்பது வயதுகளின் நடுவில் படையை விட்டவர். 60 வயதில் சி.பி.பி.க்கு விண்ணப்பித்தார். 65க்கு முந்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் 0.6 வீதம் குறையும் என்பதால், அவருக்கு 36 வீதம் நிரந்தரமாகக் குறைந்தது. ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளும் சி.பி.பி.யும் பிரிட்ஜ் தொகையும் சேர்ந்தே வந்தன. கை தாராளமாக இருந்ததால் புதிய வாகனத்துக்குக் கடன் எடுத்தார். 65 வயதில் பிரிட்ஜ் நின்றது. அப்படி நின்றுபோன தொகை அவருடைய சி.பி.பி.யை விடப் பெரிதாக இருந்தது. தமக்குக் கொடுத்த சி.பி.பி.யை அரசாங்கம் திருப்பி அறவிடுகிறது என்று எண்ணிய அவர், கடிதங்களை என் மேசையில் போட்டு, "நாட்டுக்காக நின்றவனுக்கு இதுதானா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை வருத்தியது. ஏனென்றால் குறைப்பின் தொகை அவர் படையை விட்ட நாளில் பெரும்பாலும் முடிவாகிவிட்டது. அவர் எவ்வளவு சி.பி.பி. பெறுகிறார் என்பதோடு அதற்குத் தொடர்பே இல்லை. 60 வயதில், 65க்கு முன்னும் பின்னும் கிடைக்கும் இரண்டு தொகைகளையும் அருகருகே எழுதிக் காட்ட ஒருவரும் இருக்கவில்லை. முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியமும் 65 வயதில் தொடங்கியதால் பள்ளம் ஓரளவு நிரம்பியது என்பது உண்மைதான். ஆனால் அது கனடாவில் வாழ்ந்த ஆண்டுகளுக்காகக் கிடைப்பது. வயது வந்தபின் இங்கே குடியேறிப் படையில் சேர்ந்தவருக்கு அது முழுமையாகக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

இந்தக் குறைப்பையே நீக்க வேண்டும் என்று முன்னாள் படையினர் நீண்ட காலம் போராடினார்கள். 2009இல் நோவா ஸ்கோஷியாவின் நாடாளுமன்ற உறுப்பினர் பீட்டர் ஸ்டோஃபர் சி-201 என்ற சட்டமூலத்தைக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. அவர்களுடைய கோபத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் சி.பி.பி.யை 65 வயதில் எடுப்பவருக்குப் போவதும் வருவதும் பெரும்பாலும் ஈடாகும் என்பதால், இந்தச் சூத்திரத்தை அநீதி என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. படையை விட்டு விலகும் நாளிலேயே 65 வயதுக்கு முந்திய தொகையையும் பிந்திய தொகையையும் ஒரே தாளில் எழுதிக் கையில் கொடுக்காததுதான் அநீதி. திரும்பவும் சொல்கிறேன்: இரண்டு தொகைகளும் ஒரே தாளில் இருக்க வேண்டும்.

நேரம் முடிகிறது என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கை காட்டுகிறார், ஆகவே மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சி.பி.பி.யை 70 வயதுவரை தள்ளிப்போட்டால் அது 42 வீதம் கூடும், ஆனால் பிரிட்ஜ் உங்களுக்காகக் காத்திராது, 65இலேயே நின்றுவிடும். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்குச் சேமிப்பு வேண்டும். சி.பி.பி.யின் இயலாமை ஓய்வூதியம் கிடைத்தால் 65க்கு முன்பே குறைப்பு வரும். உங்கள் மறைவுக்குப் பின் துணைவர் பெறும் ஓய்வூதியம் குறைப்புக்கு முந்திய தொகையை வைத்தே கணக்கிடப்படும், ஆகவே அந்த அச்சம் வேண்டாம். உங்கள் தொகை எவ்வளவு என்பதை 60 வயதுக்கு முன்பே கூட்டரசு ஓய்வூதிய மையத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நன்றி, வணக்கம்.