ஃப்ரீக்குவன்சி ஹாப்பிங் இருந்தா ரேடியோவை ஜாம் பண்ணவே முடியாதா?

அடுத்த கேள்வி. "முதுகுல சுமந்துட்டுப் போற ராணுவ ரேடியோவுல ஃப்ரீக்குவன்சி ஹாப்பிங் இருந்தா ஜாம் பண்ணவே முடியாதாமே, நிஜமா?"ன்னு ஒரு நேயர் கேட்டிருக்கார்.

முடியும்ங்க. ஜாம்னா, நம்ம அலைவரிசையில இரைச்சலைக் கொட்டிப் பேச்சைக் கெடுக்கிறது. ஹாப்பிங்னா, செட் ஒரே அலைவரிசையில நிக்காம தாவிக்கிட்டே இருக்கிறது. அதனால எதிரிக்குச் செலவு கூடும், அவ்வளவுதான். அமெரிக்க ராணுவத்தோட சிங்கார்ஸ் ரேடியோவையே எடுத்துக்குவோம். 30 மெகாஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு 88-ஐ ஒட்டி, 25 கிலோஹெர்ட்ஸுக்கு ஒண்ணுன்னு மொத்தம் 2,320 சேனல். விநாடிக்கு நூறு தடவைக்கு மேல தாவும். அடுத்து எங்கே தாவும்னு தெரியாத எதிரி, 500 வாட் ஜாமரை அத்தனை சேனலுக்கும் பரப்பினா, ஒரு சேனலுக்கு விழறது கால் வாட்கூடத் தேறாது. நம்ம செட் 5 வாட், அது முழுக்க அந்த நேரத்துல ஒரே சேனல்ல. ஹாப்பிங்கோட லாபம் இதுதான். ஆனா உங்களுக்குக் கொடுத்த ஹாப்செட்ல, அதாவது தாவ வேண்டிய சேனல் பட்டியல்ல, சேனல் கொஞ்சமா, ஒரே பக்கமா குவிஞ்சிருந்தா, அந்தத் துண்டை மட்டும் அடிச்சாப் போதும், லாபம் போச்சு.

இன்னொரு பலவீனம் கடிகாரம். எல்லாரும் சேர்ந்து தாவணும்னா, நெட்ல, அதாவது ஒண்ணாப் பேசிக்கிற ரேடியோ குழுவுல, இருக்கிற எல்லா செட்டோட நேரமும் ஏறக்குறைய 4 விநாடிக்குள்ள ஒத்துப்போகணும். ஜிபிஎஸ்ல இருந்து நேரம் எடுக்கிற இடத்துல ஜிபிஎஸ்ஸையே ஜாம் பண்ணிட்டா, செட்டோட சொந்தக் கடிகாரத்தை நம்பித்தான் ஓட்டணும். "ஜாம் ஆயிடுச்சு"ன்னு அலறுற பல நேரத்துல நேரம் விலகியிருக்கும், இல்லே செட்டுல ஏத்துற ரகசியக் குறியீட்டுச் சாவி தப்பா ஏறியிருக்கும்.

அதனால முதல் சோதனை இது. இரைச்சல் கேட்டுக்கிட்டு இருக்கும்போதே ஆண்டெனாவைக் கழட்டுங்க. இரைச்சல் அடங்கிட்டா வெளியில இருந்து வருது. அப்படியே இருந்தா உங்க செட்லதான் கோளாறு. ஆண்டெனா இல்லாதப்போ பேசுற பட்டனை மட்டும் அழுத்திடாதீங்க, பவர் திரும்பி அடிச்சு கடைசி ஆம்ப்ளிஃபயர் போயிடலாம்.

வெளியில இருந்துதான்னா, ஒண்ணு புரிஞ்சுக்கணும்: ஜாமர் அடிக்கிறது கேட்கிறவரோட ரிசீவரை. பேசுறவருக்குத் தன் குரல் போய்ச் சேரலைன்னே தெரியாது. ஒரே ஃப்ரீக்குவன்சியில நிக்கிற செட்டுக்குக் கணக்குப் போடுவோம். 2 கிலோமீட்டர்ல இருந்து வர்ற 5 வாட்டும், 20 கிலோமீட்டர்ல இருந்து வர்ற 500 வாட்டும், வெட்டவெளிக் கணக்குப்படி ரிசீவர்ல சரிக்குச் சரி. பேசுறவர் 1 கிலோமீட்டருக்கு வந்துட்டா நம்ம சிக்னல் நாலு மடங்கு. வர முடியலைன்னா நடுவுல ஒரு ரிலே, அதாவது பேச்சை வாங்கித் திருப்பி அனுப்புற செட், வைங்க. கேட்கிறவர் ஜாமருக்கும் தனக்கும் நடுவுல ஒரு மேடோ கட்டடமோ வர்ற மாதிரி நகரணும், நம்ம ஆள் பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும். ஜாமர் ட்ரோன்ல ஏறிட்டா இந்த மறைவு பாதி வீண்.

பவரை ஆரம்பத்துலேயே முழுசா வைக்காதீங்க. திசை கண்டுபிடிக்கிற கருவிக்கு நீங்களே இடம் காட்டிக் கொடுத்த மாதிரி. குறைச்சுப் பேசுங்க, ஜாம் விழுந்தா ஏத்துங்க. "எங்களை ஜாம் பண்றாங்க"ன்னு அதே நெட்ல வெளிப்படையாச் சொல்லவும் கூடாது. ஜாமர்காரன் கேட்டுக்கிட்டே இருப்பான், வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா விடமாட்டான். வழக்கம்போலப் பேசிக்கிட்டே, முன்கூட்டியே பேசிவச்ச மாற்று நெட்டுக்குப் போயிடணும்.

கடைசியா, வண்டிப்படையில போறவங்களுக்கு. இராக்ல சாலையோரக் குண்டு வெடிக்காம இருக்க அமெரிக்க வண்டிகள்ல மாட்டின ஜாமர், அவங்க சொந்த ரேடியோவையே கெடுத்துச்சு. ஆண்டெனா சோதனையில வெளி இரைச்சல்னு தெரிஞ்சதும், நம்ம பக்கத்து வண்டியில எது ஓடுதுன்னு முதல்ல கேளுங்க.