பல்பு எரியாது, ரவிக்கை தைக்கலாம்

நடுவர் அவர்களே, யாங்கூன் தமிழ் மக்களே, வணக்கம். மாலை மரியாதையெல்லாம் முன்னால் பேசியவர்களே முடித்துவிட்டார்கள்.

சிக்கலை வாய்ப்பாக மாற்றுவது மனமா, பணமா? மனம்தான் என்கிறோம் நாங்கள். எதிரணி அண்ணன் என்ன கேட்டார்? "கரண்ட் போன வீட்டில் உங்கள் மனதைச் சுவரில் மாட்டினால் பல்பு எரியுமா?" சரியான கைதட்டல். நானும் தட்டினேன். அண்ணன் வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது, நடுவரே! அது போடும் சத்தத்தில் எங்கள் தெருவுக்கே தூக்கம் கிடையாது.

பல்பு எரியாது அண்ணே. ஆனால் ரவிக்கை தைக்கலாம்.

எங்கள் கட்டடத்து மூன்றாவது மாடியில் ஒரு தையல்கார அக்கா. மோட்டார் மிஷின் வந்ததும் மாமியார் காலத்துக் கால் மிஷின் மூலைக்குப் போனது. அதன் மேல் அரிசி மூட்டை, மூட்டைக்கு மேல் டிவி. "பழைய இரும்புக்குப் போடு" என்பார் வீட்டுக்காரர். "கிடக்கட்டும்" என்பார் அக்கா. அப்புறம் கரண்ட் எப்போது வரும் என்று ஜோசியரிடம் கேட்கிற காலம் வந்தது. தெருவில் மோட்டார் மிஷின் எல்லாம் படுத்துவிட்டன. அக்கா மூட்டையை இறக்கினார். டிவியை வீட்டுக்காரர் மடியில் வைத்தார். மடியில், நடுவரே! ஓடாத டிவியைக் கட்டிக்கொண்டு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். எண்ணெய் விட்டு, புது பெல்ட் மாட்டி மிதித்தார் அக்கா. டடக் டடக்!

இருட்டுப் படியில் யார் ஏறுவது? பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்குகிற, நுனியில் கிளிப் மாட்டிய, பேப்பர் ஏறுகிற கயிறு நம் ஊரில் எதற்கு இருக்கிறது? கிளிப்பில் துணியும் அளவு ரவிக்கையும் மேலே போனது, தைத்தது கீழே வந்தது. ஒருநாள் வீட்டுக்காரர் லுங்கி இறங்கிவிட்டது! கீழே நின்ற அம்மா விரித்துப் பார்த்து, "அளவு கொஞ்சம் தாராளமா இருக்கே" என்றாராம். டிவி இன்னும் மடியிலா என்கிறீர்களா? இல்லை, இப்போது அவருக்குக் கொக்கி தைக்கிற வேலை. சம்பளம் கிடையாது.

அண்ணன் பணம் பணம் என்கிறார். 1964 மே மாதம், ரங்கூன் என்று சொன்ன இதே ஊரில் ஐம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். அதற்கு முன்பே கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. நம்மவர்கள் மூட்டையோடு சென்னைக்குக் கப்பல் ஏறினார்கள். போனவர்கள் அங்கே கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் போட்டார்கள், வடசென்னையை அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் தின்னப் பழக்கினார்கள். பர்மாவுக்கே திரும்பி வர நடந்தவர்கள் எல்லையில், மணிப்பூரின் மோரேயில் நின்று, கடை வைத்துக் கோயிலும் கட்டினார்கள்.

என் பாட்டியின் அண்ணனும் கப்பல் ஏறினார். நம் ஊரில் தின்கிற ஊறிய தேயிலையில் ஒரு பொட்டலத்தை அவர் கையில் திணித்து, "சோறு கிடைக்காட்டி இதை வாயில் போட்டுக்கோ" என்றாளாம் பாட்டி. அப்புறம் அண்ணன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. மறுநாள் விடியலில் இட்லிச் சட்டியோடு தெருமுனைக்குப் போய்விட்டாள். அந்தக் காசில்தான் என் அப்பா படித்தார்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவரே. எனக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லுங்கள், பரவாயில்லை. என் பாட்டிக்கு எதிராகச் சொல்லிவிடாதீர்கள்.