ஆய்வு தொடங்கும் இடம் குழாயடி

அவையோர்க்கு வணக்கம்.

ஆய்வும் சமூகமும் கைகோக்க வேண்டும் என்று பேசாத மேடை இல்லை. எங்கே கோப்பது? குடிநீர் மாதிரி பிடிக்கிற பாட்டிலின் வாயில்தான் என்பேன்.

அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் ஆற்று நீருக்கு மாறியது. குழாய் அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்காமல் விட்டார்கள். பழைய குழாய்களிலிருந்த ஈயம் குடிநீரில் இறங்கியது. ஆனாலும் அரசுத் தரப்புப் பரிசோதனையில் அது சரிவரத் தெரியவில்லை. மாதிரி எடுப்பதற்கு முந்தைய இரவே குழாயைத் திறந்துவிடச் சொல்லியிருந்தார்கள். தேங்கிய ஈயம் அப்போதே சாக்கடைக்குப் போய்விடும். காலையில் பாட்டிலுக்கு வருவது ஓரளவு நல்ல நீர்!

2015இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் நீர் மாதிரி பிடிக்க 300 பெட்டிகளை அனுப்பியது. மக்களே வீடு வீடாகக் கொடுத்து, 250க்கு மேல் திரும்ப வாங்கிவிட்டார்கள். பெட்டிக்கு மூன்று பாட்டில். குறைந்தது 6 மணி நேரம் குழாயைத் தொடாமல் இருந்து, முதலில் வரும் நீரில் 1 லிட்டர். 45 விநாடி ஓடவிட்டு 500 மி.லி.; 2 நிமிடம் ஓடவிட்டு 125 மி.லி. முதல் பாட்டில் வீட்டுக் குழாயின் கதையைச் சொல்லும்; அடுத்தவை அதற்கு அப்பால் உள்ள குழாய்களின் கதையை. மறைந்திருந்த ஈயம் வெளிப்பட்டது; அந்த அக்டோபரில் நகரம் பழைய நீர் ஆதாரத்துக்கே திரும்பியது.

கிருமிப் பரிசோதனையில் தவறு வேறு விதமாக வரும். பாட்டிலின் அடியில் கொஞ்சம் வெள்ளைப் பொடி கிடக்கும்: சோடியம் தயோசல்பேட். அழுக்கென்று நினைத்து அலசிவிடுவார்கள். அது நீரிலுள்ள குளோரினை முறிப்பதற்காகப் போட்டு வைத்தது. அது இல்லையென்றால், ஆய்வகம் போய்ச் சேரும்வரை குளோரின் கிருமிகளைக் கொன்றுகொண்டே இருக்கும். நீர் சுத்தம் என்று முடிவு வரும். குலுக்க இடம் வேண்டும், ஆகவே கழுத்துவரை நிரப்பாமல் 2.5 செ.மீ. விட வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் அன்றே கொடுத்துவிட வேண்டும். பயிற்சி என்றால் அரை நாள் விரிவுரை வேண்டாம். ஆளுக்கொரு பாட்டிலைக் கையில் கொடுத்து ஒருமுறை பிடிக்கச் சொன்னால் போதும்.

பெரும்பாலும் உறவு முறிவது இதற்குப் பிறகுதான். பாட்டிலைக் கொடுத்தவர் காத்திருப்பார். முடிவு ஆய்விதழுக்குப் போய்விடும். முடிவு கிடைக்கும் தேதியைப் பாட்டில் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். லிட்டருக்கு 27 மைக்ரோகிராம் ஈயம் என்று மட்டும் எழுதி அனுப்பினால், பயந்தவர் நீரைக் கொதிக்க வைப்பார். கொதித்தால் கிருமி சாகும். ஈயம் சாகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஆகவே அறிக்கையின் முதல் வரி, குடிக்கலாமா, கூடாதா, கூடாதென்றால் இன்றைக்கு என்ன செய்வது என்பதாக இருக்கட்டும். எண்கள் அதற்குக் கீழே வரட்டும்.