மேடை எந்தப் பக்கம்? திருகோணமலைக்கு ஒரு திறந்தவெளி அரங்கு

[காட்சி: கடற்கரையோரச் சரிவு நிலம், மாலை 5 மணி]

திறந்தவெளி அரங்கு என்றதும் "எத்தனை பேர் இருக்கலாம்?" என்றுதான் கேட்கிறோம். திருகோணமலையில் அதற்கு முன்னே தீர்க்க வேண்டியது, மேடை எந்தத் திசையில் என்பது.

பின்னணியில் கடல் தெரிய வேண்டுமென்று மேடையைக் கிழக்கே வைக்க ஆசை வரும். வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை, நிகழ்ச்சி வைக்கத் தோதான மழை குறைந்த மாதங்களில், கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து கடல் பக்கமாக வீசும். நிலத்தருகே காற்று மெதுவாகவும் மேலே வேகமாகவும் போவதால், எதிர்க்காற்றில் வரும் குரல் மேல்நோக்கி வளையும். வரிசை கூடக்கூடப் பின்னால் இருப்பவருக்குக் கேட்பது குறையும். மைக்கிலும் காற்று நேரே அடித்து இரையும்.

[காட்சி: மேலிருந்து வரைபடம், சூரியன் நகர்கிறது]

மேற்கே வைத்தால் காற்று சரி. ஆனால் மாலை வெயில் பார்ப்பவர் கண்ணில் குத்தும். ஆகவே தெற்கு. ஜூனில் சூரியன் வடமேற்குச் சாய்வில் இறங்கும்; பார்ப்பவரின் வலப்பக்கம் சற்றுப் பின்னிருந்து வெளிச்சம் ஆடுவோர் முகத்தில் சாய்வாக விழும். மேடைக்குப் பின்னால் 3 மீற்றர் சுவர் எழுப்பினால் கச்சானையும் தடுக்கும், குரலையும் முன்னே திருப்பும்.

[காட்சி: படியின் குறுக்குவெட்டு]

இருக்கைப் படி 45 செ.மீ. உயரம், 80 செ.மீ. ஆழம். பாதி இருக்க, பாதி மேல்வரிசைக்காரர் கால் வைக்க. முதல் வரிசையின் ஆரம் 8 மீற்றர் என்றால், 8 அரைவட்ட வரிசைகளில், 1.2 மீற்றர் அகலத்தில் மூன்று நடைபாதை போக, ஆளுக்கு 50 செ.மீ. வீதம் சுமார் 480 பேர். கடைசி வரிசையும் 13.6 மீற்றரில்தான், கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் பாட்டும் மத்தளமும் மைக் இல்லாமலே போய்ச் சேரும்.

நடைபாதையில் ஒவ்வொரு இருக்கைப் படியையும் 15 செ.மீ. படிகள் மூன்றாகப் பிரியுங்கள். 45 செ.மீ. படியில் அம்மம்மாவால் ஏற முடியாது. மேடை உயரம் 30 செ.மீ. போதும், வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தைச் சுற்றியிருந்து பார்த்துப் பழகிய கூத்தை உயர்ந்த மேடை மக்களிடமிருந்து பிரித்துவிடும். சக்கர நாற்காலிக்கு 3.6 மீற்றர் நீளச் சாய்தளம்.

[காட்சி: மழை, படிகளில் வழியும் நீர்]

நவம்பர், டிசம்பர் மழையில் எல்லாப் படித் தண்ணீரும் மேடை முன்றலில்தான் வந்து நிற்கும். படிக்கு 1.6 செ.மீ. முன்சரிவு, முதல் வரிசை அடியில் 30 செ.மீ. அகல வடிகான், கழற்றக்கூடிய மூடி. மூடியைக் கழற்ற முடியாவிட்டால் இரண்டாம் வருடமே இலை அடைத்துவிடும். சரிவின் உச்சியிலும் ஒரு வடிகான் வெட்டுங்கள். மேட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது.

கடல் மணலைக் கொங்கிறீற்றில் கலக்கவே கூடாது. உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்துப் படி விளிம்பை உடைக்கும். கம்பிக்கு மேல் 5 செ.மீ. கொங்கிறீற் மூடியிருக்கட்டும்.

பகல் வெயில் குடித்த படி மாலை 6 மணிக்கும் சுடும். மேற்கே வேம்பு நடுங்கள், வேர் படியைத் தூக்காதபடி 5 மீற்றர் தள்ளி. நகரில் திரியும் புள்ளிமான்கள் கன்றைக் கடிக்கும். மரம் அவற்றின் வாய்க்கு எட்டாத உயரம் வளரும்வரை சுற்றிக் கூடு வேண்டும்.