நியோன்யா தட்டை விரலால் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கில் நம் வீடுகள் சிலவற்றிலும் ஹால் அலமாரியில் ஒரு பழைய நியோன்யா தட்டு, அதாவது தலைமுறைகளாக இங்கே வாழும் பெரானாக்கான் சீனர்களின் வண்ணப் பீங்கான் தட்டு இருக்கும். பாட்டி காலத்தில் பக்கத்து வீட்டார் கொடுத்ததாக இருக்கலாம்; லோரோங் கூலிட் சந்தையில் பேரம் பேசி வாங்கியதாகவும் இருக்கலாம். தயவுசெய்து அதில் மட்டும் புளிக்குழம்பு ஊற்றாதீர்கள்.

காரணம் அதன் வண்ணம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் பெரானாக்கான் குடும்பங்களுக்கென்றே சீனாவின் ஜிங்டெசென் நகரத்தில் செய்து கப்பலேற்றிய பீங்கான் இது. வெள்ளைத் தட்டை 1,300 டிகிரி அளவில் சுட்டு எடுத்து, அந்தப் பளபளப்பின் மேல் எனாமல் வண்ணம் தீட்டி, 800 டிகிரியை ஒட்டிய சூட்டில் மறுபடி சுடுவார்கள். அந்த ரோஸ் நிறம் இருக்கிறதே, அது தங்கத்திலிருந்து வருவது! கண்ணை மூடி விரலை ஓட்டுங்கள். பியோனி இதழும் பீனிக்ஸ் பறவையின் வாலும் மேடாகத் தட்டுப்படும். துக்க வீட்டுக்கும் அன்றாடத்துக்கும் வைத்திருந்த நீல வெள்ளைத் தட்டு வழவழவென்றிருக்கும், நீலம் பளபளப்புக்கு அடியில் இருப்பதால்.

மேலே தீட்டிய பழைய வண்ணத்தில் ஈயம் உண்டு. புளியோ எலுமிச்சையோ பட்டால் அது சாப்பாட்டில் இறங்கும், பூவும் மங்கிவிடும். பரிமாற ஆசையென்றால், உணவுக்கு ஏற்றதென்று குறித்த புதுத் தட்டு வாங்குங்கள். தீபாவளிக்குக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிற கையோடு இதையும் தேய்த்துவிடக் கூடாது. பேசினில் துணி விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு போட்டு அலசினால் போதும்.

சுவரில் மாட்டுவதற்கு முன் சுண்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் தாராளமாக மாட்டலாம். மந்தமாகக் கேட்டால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கும். அதை ஸ்டாண்டில் சாய்த்து வையுங்கள். ஸ்பிரிங் கொக்கியின் நுனிக்குப் பிளாஸ்டிக் உறை போடாவிட்டால் விளிம்பின் தங்கக்கோடு உதிர்ந்துபோகும்.

எனக்கு எல்லாவற்றிலும் உசத்தி காம்செங்தான். மூடியின் பிடியாக ஒரு குட்டிச் சிங்கம் உட்கார்ந்திருக்கும் ஜாடி அது. லெபோ கெரெஜாவில், அந்தக் காலச் சீனர் தலைவர் கப்பித்தான் சுங் கெங் குவீயின் பழைய வீடான பினாங்கு பெரானாக்கான் மாளிகைக்கு லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடலாம். வாங்குவதற்கு முன் அங்கே போய் நல்ல பீங்கானைக் கண்ணாரப் பார்த்துவிடுங்கள்.

சந்தையில் கிடைக்கும் தட்டைத் திருப்பினால், சிலவற்றில் உலோகத் தையல் வரிசையாகத் தெரியும். உடைந்ததைத் தூக்கிப்போட மனமில்லாமல் யாரோ தைத்து வைத்திருக்கிறார்கள். குறையென்று ஒதுக்காதீர்கள்; விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கிவிடுங்கள்.